சுண்ணாம்புத் தடம்

ஹெர்லன்டால், ஜெர்மனி
18 ஆகஸ்ட் 2025

அப்பா,

போனில் இரண்டு தடவை கேட்டேன். இரண்டு தடவையும் "லைன் சரியில்ல கண்ணு" என்று வைத்துவிட்டீர்கள். லைன் நன்றாகத்தான் இருந்தது. பால்காரர் மஞ்சுநாத்திடம் பக்கத்து வீட்டுக் கனகா ஆன்ட்டி கன்னடத்தில் சண்டை போடுவதுகூட எனக்குக் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தை நீங்கள் பாதியில் வைக்க முடியாது. ஆன்ட்டி முழுதும் படித்துக் காட்டிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர்கள் சொல்லிக்கொடுத்த தமிழ்தான் இது, கோணலாக இருந்தால் திட்ட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நீங்கள் மைசூருக்குத் திரும்பி ஐந்து வாரம் கழித்து இங்கே ஒரு வீட்டில் திருடு போனது. நீலக் கதவு வீடு. வயதான ஒரு அம்மாள் தனியாக இருக்கிறார். அவர் கடைக்குப் போயிருந்தபோது யாரோ உள்ளே போயிருக்கிறார்கள். அதன் பிறகுதான் வாசலோரச் சுவரில் ஒரு வெள்ளைக் குறி இருப்பதை அவர் பார்த்திருக்கிறார். தேடிப்போனால் தெருமுனைகளில், பாலத்தில் என்று பதினான்கு இடத்தில் அதே மாதிரிக் குறிகள். இந்த ஊர்க்காரர்களுக்கு ஒரு பழைய பயம் உண்டு. திருடர்கள் முன்னாலேயே வந்து நோட்டம் பார்த்து, எந்த வீட்டில் நாய், எந்த வீட்டில் தனியாள் என்று சுவரில் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள் என்று. போலீஸ் அந்தக் குறிகளைப் படமெடுத்து அச்சடித்து எல்லா வீட்டுத் தபால் பெட்டியிலும் போட்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் பட்டப்பகலில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

கடைசிக் குறி நம் கட்டடத்தில், தரைத்தள ஜன்னலுக்குக் கீழே. அது இயோனின் ஜன்னல். ருமேனியாவிலிருந்து கூரை வேலைக்கு வந்தவர். உங்கள் பெட்டியை மூன்று மாடி தூக்கி வந்தாரே, அவர்தான். அவர் கையில் எப்போதும் சுண்ணாம்பும் சிமெண்டும். போலீசுக்கு வேறு என்ன வேண்டும்? வியாழக்கிழமை கூட்டிப்போய் ஒரு நாள் முழுக்க விசாரித்தார்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி விட்டிருக்கிறார்கள். கான்ட்ராக்டர் வேலைக்கு வராதே என்றுவிட்டார்.

நீங்கள் இங்கே இருந்தபோது, ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. எனக்கு முதியோர் இல்லத்தில் முழுநாள் டியூட்டி. உங்களை நீரூற்றுக்கு எதிரே பெஞ்சில் உட்காரவைத்து ரொட்டியும் பழமும் கொடுத்துவிட்டுப் போனேன். ஒன்பது மணி. நான்கு மணிக்கு வந்தபோது அதே பெஞ்சில் இருந்தீர்கள்.

நடுவில் எங்கே இருந்தீர்கள், அப்பா?

பிரதிபா


மைசூரு
30 ஆகஸ்ட் 2025

கண்ணு பிரதிபாவுக்கு அப்பன் அய்யாவு சொல்லி, கனகலக்ஷ்மி அம்மா கையால் எழுதுவது.

நான் சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தசராவுக்கு யானைகள் வந்துவிட்டன, தினமும் நடை பழக்குகிறார்கள், தெருவில் கூட்டம் தாங்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். நான் பெஞ்சை விட்டு அசையவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவன், பாஷை தெரியாதவன், அந்த ஊரில் எங்கே போவேன்? வெயில் இதமாக இருந்தது. உட்கார்ந்தேன், ரொட்டி தின்றேன், கொஞ்சம் கண்ணசந்தேன். அவ்வளவுதான். யாராவது கேட்டால் இதையே சொல்லு. யாரும் கேட்காவிட்டால் நீயாகச் சொல்லாதே.

கேள் கண்ணு. சீருடை போட்டவன் ஒன்றைத் தேட ஆரம்பித்தால், அது கிடைக்கிற வரைக்கும் தேட மாட்டான். ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் தேடுவான். நீ அந்த ஆளாக ஆகாதே. கறுப்புத் தோல் அந்த ஊரில் உன் ஒருத்திக்குத்தான். அந்தக் கூரைவேலைக்காரரிடம் படியில் நின்று பேசாதே. பாவம்தான், நல்ல மனுஷன்தான். என் பெட்டியைத் தூக்கும்போது கைப்பிடி அறுந்துவிடுமென்று அடியில் கை கொடுத்துத் தூக்கினார், அது எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனாலும் பேசாதே.

அந்த நீலக் கதவு அம்மாளுக்கு இப்படி ஆனது எனக்கு வருத்தம். பித்தளை மீனைக் கதவுக்குக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு, வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற மனுஷிக்கு இது வந்திருக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் கொளுத்திவிடு. எனக்குச் சுண்ணாம்பும் தெரியாது, குறியும் தெரியாது.

அப்பன்

பிரதிபா, இது கனகா ஆன்ட்டி. இந்த வரிகளை அவருக்குப் படித்துக் காட்டவில்லை. உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து அவர் வெற்றிலை போடுவதில்லை. சுண்ணாம்பு டப்பாவைச் சாக்கடையில் எறிந்துவிட்டார், நானே பார்த்தேன். கேட்டால், "பல்லு கூசுது" என்கிறார். கேட் திறக்கிற சத்தம் கேட்டால் பின்பக்கம் போய்விடுகிறார். என்ன நடந்தது அங்கே?


ஹெர்லன்டால்
11 செப்டம்பர் 2025

அப்பா,

கொளுத்தவில்லை.

நீரூற்றுப் பெஞ்சிலிருந்து நீலக் கதவு தெரியாது. நடுவில் இரண்டு தெருவும் ஒரு சர்ச்சும் இருக்கின்றன. அந்தக் கதவின் கைப்பிடி மீன் என்பது எனக்கே தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகு போய்ப் பார்த்தேன். மீன்தான். செதில் செதிலாக, தேய்ந்துபோன மீன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் அனுப்பிய காகிதத்தைப் பார்த்த அன்றே எனக்குத் தெரியும். எனக்கு ஆறு வயதில் சாமுண்டி மலைப் படியில் கூட்டத்தில் காணாமல் போனேன். கிடைத்த பிறகு நீங்கள் அடிக்கவில்லை. மறுபடி அடிவாரத்திலிருந்து ஏறி, படிக்கட்டு ஓரமாக விரலால் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தீர்கள். "ஒரு கோடுன்னா நேரா போ. ரெண்டுன்னா பீச்சாங்கைப் பக்கம். மூணுன்னா சோத்தாங்கை. மேல பொட்டு இருந்தா அங்க தண்ணி கெடைக்கும். வட்டத்துக்குள்ள பொட்டுன்னா வீடு." மறக்கவில்லை அப்பா. வட்டத்துக்குள் பொட்டு, அதுதான் இயோனின் ஜன்னலுக்குக் கீழே இருக்கிறது.

எனக்கும் பயமாக இருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு என் விண்ணப்பம் அதிகாரிகள் மேஜையில் இருக்கிறது. என் அப்பாதான் போட்டார் என்று சொன்னால் அதை என்ன செய்வார்களோ தெரியாது. சொல்லாமல் இருந்துவிடு என்று பாதி மனசு சொல்கிறது. நேற்று இயோனின் மனைவி வந்திறங்கினார். யாரோ அவர்கள் கதவில் முட்டை அடித்திருந்தார்கள். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து கழுவிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டி மாடிக்கு ஏறி, உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். நீங்கள் சொன்னபடியே.

வெறும் வாய்வார்த்தையாக நான் போய்ச் சொன்னால், அவருக்காகப் பொய் சொல்கிறேன் என்பார்கள். போட்டவர் சொல்ல வேண்டும். நடந்தது என்ன என்று நீங்கள் சொல்லுங்கள். பிறகு என்ன செய்வதென்று நான் பார்க்கிறேன்.

பிரதிபா


மைசூரு
23 செப்டம்பர் 2025

கண்ணு,

இந்தத் தடவை நான் பேசுவதை எல்லாம் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன். கனகாம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எல்லாம் எழுதுன்னா எப்படி? நீங்க இருமறதையும் எழுதவா?"

"எழுதுங்க. போன தடவை நான் முடிச்சப்புறம் உங்க பேனா கொஞ்ச நேரம் ஓடுச்சு. கண்ணுதான் எழுத்துக்குக் குருடு. காது நல்லாத்தான் இருக்குதுங்க."

அவர்கள் முகம் சுருங்கிவிட்டது. பிறகு, "தப்புதான் ரீ, அய்யாவு. ஸ்வல்ப பயந்துட்டேன்" என்று பாதி கன்னடத்தில் சொன்னார்கள். சரி, அதோடு போயிற்று. இப்போது ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டுகிறார்கள். மூன்று தடவை. ஏன் மூன்று என்று கேட்காதே, அதற்கு வருகிறேன்.

உன் சித்தப்பன் லிங்கப்பன் புளியமரத்திலிருந்து விழுந்து கை போனவன் என்று உனக்குச் சொல்லி வளர்த்தோம். அவன் மரம் ஏறவே இல்லை.

ஹனூர் தாண்டிக் காட்டோரம் நம் ஊர். மாட்டைத் தேடிக் காட்டுக்குள் போகிறவன் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தொட்டுப் பாறையில் இழுத்துக்கொண்டே போவான். இருட்டு விழுந்தாலும் வெள்ளை தெரியும். திரும்பி வரும்போது துடைத்துவிட்டு வருவோம். இல்லாவிட்டால் அடுத்தவன் குழம்பிப் போவான். அந்த வருஷம் காட்டுக்குள் ஒளிந்திருந்தவர்களைத் தேடிச் சீருடைக்காரர்கள் ஊரெல்லாம் நிறைந்திருந்தார்கள். சித்திரை மாசம், வெள்ளிக்கிழமை. என் செவலை மாடு ஓடைப்பக்கம் போய்விட்டது. தேடிக்கொண்டு போனேன். மழை பிடித்தது. துடைக்காமல் ஓடி வந்துவிட்டேன். ஒன்பது குறி. அதில் ஆறு குறி மழை படாத பாறை மறைவில்.

மறுநாள் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டது. ஒளிந்திருப்பவர்களுக்கு யாரோ வழி காட்டுகிறான் என்றார்கள். என்னையும் இன்னும் நாலு பேரையும் உட்காரவைத்துக் கேட்டார்கள். நான் தெரியாது என்றேன். மாடு தேடினேன் என்ற ஒரே ஒரு வார்த்தை. அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது கண்ணு. சாயங்காலம் ஒருவன் ஒரு தாளை நீட்டினான். "ஒண்ணுமில்ல, தெரியாதுன்னுதான் எழுதியிருக்கு. பெருவிரலை வெச்சுட்டு வீட்டுக்குப் போ" என்றான். வைத்தேன். வீட்டுக்கு வந்து களி தின்றேன். விடிந்ததும் லிங்கப்பனைக் கொண்டுபோனார்கள். அந்தத் தாளில் என்ன இருந்ததென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவன் பேர் இருந்ததா, இல்லையா? தெரியாது.

பதினொரு மாசம் கழித்து வந்தான். இரண்டு கையையும் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. அவன் பெண்டாட்டியும் உன் அம்மாவும்தான் ஊட்டிவிடுவார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நாலாம் வருஷம் செத்துப்போனான். அந்தக் குறிகள் என்னுடையவை என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொருவன் விரலும் ஒரு மாதிரி இழுக்கும். எனக்கு முடிகிற இடத்தில் வலப்பக்கம் சாயும். சின்ன வயசிலிருந்து என் கோட்டைப் பார்த்து நடந்தவன் அவன்.

(இங்கே கனகாம்மா பேனாவை வைத்துவிட்டுக் காப்பி போடப் போனார்கள். அதையும் எழுதச் சொன்னேன்.)

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை. நீ போனதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். சர்ச் மணி பத்து அடித்தது. எனக்கு எதிரே ஒரு கல் சுவர். முப்பது வருஷம் மைசூரில் கட்டட வேலை பார்த்தவனால் நல்ல சுவரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார முடியுமா? தடவிப் பார்த்தேன். சுண்ணாம்புக் காரை, நன்றாகக் குழைத்துப் பூசியிருந்தார்கள். அந்தச் சுவரைப் பிடித்துக்கொண்டே போனேன். தெருமுனை வந்ததும் பயம் வந்துவிட்டது. எல்லா வீடும் ஒன்று போலவே. கூப்பிட ஒரு ஆள் இல்லை. கை தானாக மடியிலிருந்த டப்பாவுக்குப் போனது.

சொல்கிறேன், எண்ணிக்கொள். நீரூற்றுத் தொட்டியின் பின்பக்கம், முழங்கால் உயரம், ஒரு கோடு. ரொட்டிக்கடை மூலையில், மழைநீர்க் குழாய்க்குப் பின்னால், இரண்டு கோடு. சர்ச் மதிலில் வாசலிலிருந்து பன்னிரண்டாவது கல், ஒரு கோடு. அடுத்து நீலக் கதவு. அங்கே எனக்குத் தாகம். கதவுக்கு முன்னால் நின்று கையால் குடிக்கிற மாதிரிக் காட்டினேன். அந்த அம்மாள் கண்ணாடி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார், அதில் ஒரு புதினா இலை மிதந்தது. "மகராசியா இரும்மா" என்றேன். அவரும் ஏதோ நீளமாகச் சொன்னார். பத்து நிமிஷம் அவர் அவர் பாஷையில், நான் என் பாஷையில் பேசினோம். வாயை மூடவே இல்லை இரண்டு பேரும். அவர் உள்ளே போனதும் இரண்டு கோடு போட்டு மேலே பொட்டு வைத்தேன். தண்ணி கெடைக்கும் என்று. திருடு என்று இல்லை கண்ணு. தண்ணி.

(மிச்சமெல்லாம் வரிசைப்படி தனித்தாளில் எழுதச் சொல்லியிருக்கிறேன். மொத்தம் பதினேழு. நீ பதினான்கு என்றாய். அவர்கள் பார்க்காத மூன்றும் எனக்குத் தெரியும். பாலத்து வளைவுக்கு அடியில், தண்ணீர்ப் பக்கம், மூன்று கோடு. அங்கே செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை ஆற்றில் விட்டு உட்கார்ந்திருந்தேன். வாத்துகள் வந்து விரலைக் கொத்திப் பார்த்தன. மயானத்து இரும்புக் கேட்டின் உள்பக்கத் தூணில் ஒன்று. அங்கே பூவாளிகள் வரிசையாகத் தொங்கின, ஒரு சமாதியில் செடி வாடியிருந்தது, யாருடையதென்று படிக்கத் தெரியவில்லை, ஊற்றிவிட்டு வந்தேன். மூன்றாவது, மரம் அறுக்கும் கொட்டகை மூலையில், ஏணி சாத்தியிருந்த இடம். ஏணியை நகர்த்தினால் தெரியும்.)

இப்படியே நடந்தேன். யாரும் என்னை அதட்டவில்லை. எழுபத்திரண்டு வருஷத்தில் ஒரு வேலையும் இல்லாமல், ஒரு ஊரை அதன் போக்கில் பார்த்துக்கொண்டு நான் நடந்த ஒரே பகல் அது. கடைசியில் ஒரு மூலை திரும்பினால் உன் வீடு நிற்கிறது! எனக்கு ஒரு பெருமை. ஜன்னலுக்குக் கீழே சுவர் காய்ந்திருந்தது. வட்டம் போட்டு நடுவில் பெருவிரலை அழுத்தினேன். பிறகு தடத்தைப் பார்த்தே பெஞ்சுக்குத் திரும்பினேன்.

திரும்பும்போது துடைக்கவில்லை. துடைத்திருக்க வேண்டும். மறதி இல்லை. அடுத்த வருஷமும் வருவேன், அப்போது உதவும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் சந்தோஷத்தில் முப்பது வருஷத்துப் பயம் எனக்கு மறந்துபோனது.

போலீஸ்காரர்கள் இங்கே வருவார்களா? என்னை அங்கே கூப்பிடுவார்களா? உன் வேலை போகுமா? ஒன்றும் தெரியவில்லை. விமான நிலையத்தில் கண்ணாடிமேல் என் விரலை வைக்கச் சொன்னார்களே, அதிலிருந்து அவர்களிடம் என் விரல் இருக்கிறது. பொட்டெல்லாம் இந்தப் பெருவிரல்தான். ஒத்துப் பார்க்கட்டும்.

இதை எழுதாதே, பேசாமல் இரு என்று நேற்று வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து முட்டையைக் கழுவினாள் என்று எழுதியிருந்தாய். லிங்கப்பனைக் கொண்டுபோன அன்றைக்கு நம் வாசலில் அவன் பெண்டாட்டி அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நானும் அவளைத் தாண்டித்தான் உள்ளே போனேன். நீ செய்ததை நான் உனக்குக் கற்றுக்கொடுத்தேன்.

அந்தத் தாளுக்குப் பிறகு நான் எங்கேயும் விரல் வைத்ததில்லை. கேட்ட இடத்தில் எல்லாம் உன் அம்மா வைப்பாள். பாஸ்போர்ட்டுக்கும் அந்தக் கண்ணாடிக்கும் மட்டும், உன்னைப் பார்க்க வேண்டுமே என்று வைத்தேன். இது தாள். இதில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியும். மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

கனகாம்மாவின் ஆபீஸ் மைப்பெட்டி காய்ந்துபோயிருந்தது. இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம்.

இடது கைப் பெருவிரல் ரேகை,
அய்யாவு


ஹெர்லன்டால்
9 அக்டோபர் 2025

அப்பா,

கடிதம் வந்து மூன்று நாள் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டே டியூட்டிக்குப் போனேன். நாலாம் நாள்தான் போலீஸ் ஸ்டேஷனுக்குள் போனேன். வாசற்படியில் நின்றபோது உங்கள் வயது எனக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

ஒரு அதிகாரி என்னோடு நடந்தார். நான் உங்கள் தாளை வரிவரியாக மொழிபெயர்க்க, அவர் எண்ணிக்கொண்டே வந்தார். பன்னிரண்டாவது கல் சரியாக இருந்தது. பாலத்தடியில் இறங்கும்போது அவருடைய பூட்ஸ் நனைந்தது. குறி இருந்தது. மயானத் தூணில் இருந்தது. மரக்கொட்டகைக்காரர் முணுமுணுத்துக்கொண்டே ஏணியை நகர்த்தினார். பதினேழு. எல்லாக் கோடும் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. நீலக் கதவு அம்மாள் வெளியே வந்து, தான் புதினா போட்டுத் தண்ணீர் கொடுத்தாரே, அந்தத் தாத்தாவா என்று கேட்டு, வாயைப் பொத்திக்கொண்டார். அவரையும் இத்தனை நாள் அந்தப் பொட்டு தூங்கவிடவில்லையாம்.

இயோன்மேல் இனி ஒன்றும் இல்லை என்றார்கள். உங்கள்மேலும் ஒன்றும் இல்லை. திருடியவன் யார் என்று தெரியாது, தேடுகிறார்கள். என் விண்ணப்பத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. என் வாக்குமூலம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். எனக்கு ஜெர்மன் படிக்கத் தெரியும். இருந்தாலும் அந்த அதிகாரியையே படிக்கச் சொன்னேன். மூன்று தடவை. மூன்றாம் தடவை அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

சுவர்களைச் சுத்தம் செய்வது என் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை வாளியோடு போய்ப் பதினாறைத் துடைத்தேன். பதினேழாவதுக்கு வந்தபோது இயோன் அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். கையில் ஈரத் துணி. வட்டம் வந்துவிட்டது. பொட்டு மட்டும் போகவில்லை. நன்றாக அழுத்தியிருக்கிறீர்கள் அப்பா, ரேகைகூடத் தெரிகிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பவில்லை. பொட்டைத் தேய்த்துக்கொண்டே, "இதற்கு என்ன அர்த்தம்?" என்று மட்டும் கேட்டார்.

"வீடு" என்றேன்.

துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். உள்ளே போனார். கதவைப் பூட்டும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, பிறகு இன்னொரு தடவை.

நான் இன்னும் அந்தப் பொட்டைத் துடைக்கவில்லை.

பிரதிபா